ஜேர்மன் வகுப்பில் சேருமுன் நிலையைக் கேளுங்கள்

ஹற்றன், பண்டாரவளை போன்ற மலையக நகரங்களில் ஜேர்மன் கற்கத் தொடங்கும் பிள்ளைகள், ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்ற துணிவில் நேரே இரண்டாம் நிலையான ஏ2 வகுப்பில் சேர வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். மொழித்திறனை அளக்கும் ஏ1 முதல் சி2 வரையான ஆறு நிலைகளில் புதியவருக்கு உரியது ஏ1 தான். மேசை ஆண்பாலாகவும் கதவு பெண்பாலாகவும் வரும் மொழியில், பெயர்ச்சொல்லுக்கு முன்வந்து அதன் பாலைக் காட்டும் 'டெர், டீ, டாஸ்' என்பவற்றை அங்கேயே மனதில் பதித்துக்கொள்ளாதவர், பின்னர் ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுமாறுவார். முன்பே சிறிது கற்றவர்கள் நிலையறியும் பரீட்சை எழுதிவிட்டுச் சேரலாம். ஏ1 நிலையைப் பல இடங்களில் ஏ1.1, ஏ1.2 எனப் பிரித்து நடத்துவதால், கட்டணம் எந்தப் பகுதிக்கானது என்பதைப் பணம் கட்டுமுன் கட்டாயம் கேளுங்கள். ஜேர்மனியில் உள்ள வாழ்க்கைத்துணையோடு இணையும் வீசாவுக்குப் பொதுவாக ஏ1 சான்றிதழ் போதும். அங்கே தாதியராக முழு அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் பி2 தேவை.