தாத்தாவின் இரட்டைக்குழலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்

சென்னையில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது, பீரோவுக்குப் பின்னாலிருந்து தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி வெளிவருவதுண்டு. அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஆராய்வதுதான் முதல் தவறு. உரிமம் வைத்திருந்தவர் காலமாகியிருந்தால், தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் வாரிசு பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். 1959-ம் வருட ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மற்றதெல்லாம் கடைக்காரர் முன்னிலையில், உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்த பிறகு.

மேலே ‘மெட்ராஸ்’ என்று பொறித்திருந்தால் இங்கேயே செய்தது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்தக் காலத்து மவுண்ட் ரோடு கடைகள் இங்கிலாந்திலிருந்து வரவழைத்துத் தங்கள் பெயரைப் போட்டு விற்றதும் உண்டு. ஊரைச் சொல்வது குழலின் அடிப்பக்கத்தில் இருக்கும் சின்ன முத்திரைகள். கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்றிருந்தால் பர்மிங்காம், 1904-க்கும் 1954-க்கும் இடையில். நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றால் பெல்ஜியத்தின் லியேஜ். என்.பி. என்பது புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்ததன் அடையாளம். பளபளப்புக்காக இரும்பைத் தேய்த்தால் இவ்வளவும் போய்விடும்.

குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பழையவற்றில் பல 65 மில்லிமீட்டர்தான். 70 மில்லிமீட்டர் தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் உள்ளே சுலபமாகப் போய்விடும். சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ‘நுழைகிறதே’ என்பது சோதனையே இல்லை.

தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப்பகுதியான கட்டைக்கு வருவோம், அதிகம் பாழாவது அதுதான். பெரும்பாலும் வால்நட் மரம். இரும்பும் மரமும் சேரும் இடம் கறுத்திருந்தால், வயதான மரத்தின் அழகு என்று விட்டுவிடுகிறார்கள். அது எண்ணெய். வருடக்கணக்கில் எண்ணெயை ஊற்றி மூலையில் நிமிர்த்தி வைத்ததில் வடிந்து ஊறியது. அந்த இடத்தில் நகத்தால் அழுத்தினால் பதியும். மென்மையான மரம் ஒவ்வொரு வெடிக்கும் பின்னுதைப்பை வாங்கி வாங்கி, இரும்பு வால் போல மரத்துக்குள் நீண்டு முடியும் இடத்தில் மயிரிழை போல விரிசல் விடும். அதில் ஃபெவிக்காலோ உடனடிப் பசையோ ஊற்றிப் பயனில்லை, எண்ணெய் மேல் எதுவும் பிடிக்காது. சாக்பொடியை அசிட்டோனில் குழைத்துப் பூசி, காயவிட்டு, எண்ணெய் வெளியே வரும்வரை திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் ஒட்டு. பொறுமையான வேலை, ஆனால் கட்டை பிழைக்கும்.

உப்புத்தாள் போட்டால் மரம் இரும்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும், கைப்பிடியின் கட்ட வேலைப்பாடும் மழுங்கும். இழைத்த மரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வார்னிஷும் வேண்டாம். ஆளிவிதை எண்ணெயைத் துளித்துளியாக உள்ளங்கையால் தேய்த்தாலே போதும். சாதாரணத் திருப்புளியை வைத்துத் திருகாணிகளைத் தொடாதீர்கள், அவற்றின் பள்ளம் மிகக் குறுகல்.

அப்புறம், உரிமம் கிடைத்துத் துப்பாக்கி வீட்டுக்கு வந்த பிறகு, ஐப்பசி கார்த்திகை மழையில் தோல் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி, பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள்.