"ஓடாத நிரல்தானே, கிடக்கட்டும்": கெடு நெருக்கும்போது செய்யக் கூடாதவை

டெஸ்ட் எழுதுங்கள், மாறிகளுக்கு ஒழுங்காகப் பெயர் வையுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சீனியர்கள் ஒரு காலத்தில் செய்து, இன்று புதிதாக வருகிறவர்கள் திரும்பச் செய்பவை மட்டும் இங்கே.

செத்த நிரலை விட்டுவைப்பது

"ரிலீஸ் முடியட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்." எரிச்சலூட்டும் வாக்கியம் இது. நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம் பவர் பெக் என்ற வசதியை 2003-இல் கைவிட்டது, நிரலை அழிக்கவில்லை. 2005-இல், ஆர்டர் எவ்வளவு நிறைவேறியது என்று எண்ணும் பகுதியை வேறிடத்துக்கு மாற்றினார்கள். பவர் பெக் அதன்பின் சரியாக ஓடுமா என்று பார்க்கவில்லை. செத்ததை யார் சோதிப்பார்?

2012 ஆகஸ்ட் 1, நியூயார்க் பங்குச் சந்தையில் புதிய திட்டம் ஒன்று தொடங்கும் நாள். ஒப்புதல் வந்ததே ஜூலையில்தான். அதற்கான புதிய நிரலுக்குப் பவர் பெக்கின் பழைய ஃபிளாகையே, அதாவது அதைத் திறந்து மூடும் சுவிட்சையே, எடுத்துக்கொண்டார்கள். 8 சர்வர்களில் ஒன்றில் புது நிரல் ஏறாமல் விடுபட்டது. இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. 9.30-க்குச் சந்தை திறந்ததும் அந்த ஒன்றில் பவர் பெக் உயிர்பெற்று, எவ்வளவு நிறைவேறியது என்று தெரியாமல், நிறைவேறிய ஆர்டருக்கும் மேலே மேலே ஆர்டர் அனுப்பியது. பதறிப்போய் மற்ற 7 சர்வர்களிலிருந்து புது நிரலை எடுத்தார்கள். ஃபிளாக் திறந்தே இருந்ததால் அவற்றிலும் பழசு ஓடியது! 45 நிமிடம், 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். சந்தை திறக்கும் முன்பே பவர் பெக் பெயரோடு 97 மின்னஞ்சல்கள் வந்திருந்தன, யாரும் பொருட்படுத்தவில்லை.

ஃபிளாக் பெயரை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஃபிளாகை உருவாக்கும் அன்றே அதை நீக்கவும் ஒரு டிக்கெட் (செய்ய வேண்டிய வேலைக்கான பதிவு) போடுங்கள். பழைய நிரலின் வாசலில் ஒரு லாக் வரி (அது ஓடினால் பதிவு செய்யும் வரி) வைத்து, காலாண்டு முடிவு ஒன்று கடக்கும்வரை பாருங்கள்; யாரும் வரவில்லை என்றால் அழியுங்கள். டிப்ளாய் ஆனதும், அதாவது நிரல் சர்வர்களில் ஏறியதும், எல்லா சர்வரிலும் பில்ட் எண் (நிரலின் பதிப்பு எண்) ஒன்றுதானா என்று ஸ்கிரிப்ட் பார்க்கட்டும். பின்வாங்கும்போது முதலில் ஃபிளாகை மூடுங்கள், பிறகு நிரலை மாற்றுங்கள்.

மேனேஜரிடம் "டெக்னிக்கல் டெட்" என்பது

டெக்னிக்கல் டெட் என்றால் தொழில்நுட்பக் கடன்: இன்று அவசரத்தில் எழுதிய நிரலுக்குப் பிறகு வட்டிபோல் வேலை கூடுவது. இந்தக் கடன் உவமையை நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் 1992-இல் எழுதினார், நிதி மென்பொருள் செய்த அனுபவத்தில். இன்று அது மீட்டிங்கில் காதில் ஏறுவதில்லை. கணக்காகச் சொல்லுங்கள்: "இந்த மாட்யூலைத் தொட்டால் டிக்கெட்டுக்கு 2 நாள் கூடுதல். ஸ்பிரிண்டுக்கு (சில வார வேலைச் சுற்றுக்கு) 3 டிக்கெட், 6 நாள் போகிறது. சரிசெய்ய 8 நாள்."

தனியாக ரீஃபாக்டர் ஸ்பிரிண்ட் கேட்பது

நிரல் செய்யும் வேலையை மாற்றாமல் அதன் அமைப்பை மட்டும் சீர்செய்யத் தனி ஸ்பிரிண்ட் கிடைக்காது. எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

முழுசாக மறுபடி எழுதுவது

வேண்டாம்.

டூடூ கமெண்ட்

"பிறகு செய்ய வேண்டும்" என்று நிரலில் எழுதிவைக்கும் குறிப்பில் ஆள் பெயரும் தேதியும் இல்லையென்றால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்புங்கள்.