குளிசை பழகிவிட்டதென்று நான் நினைத்தபோது

கவனக்குறைவுக் கோளாறுக்கு மெதைல்பெனிடேற் எடுத்துவரும் எனக்கு, சென்ற ஆண்டு வெள்ளவத்தையிலிருந்து கோட்டை அலுவலகத்துக்குப் போய் அமர்ந்த சற்று நேரத்திலேயே கவனம் சிதறத் தொடங்கியது. உடல் மருந்துக்குப் பழகிவிட்டதென்று நம்பி, நானாகவே இன்னொரு 10 மில்லிகிராம் குளிசையைச் சேர்க்க எண்ணினேன். அதைச் செய்யாதது என் நல்ல காலம்.

மனநல வைத்தியர் அளவைக் கூட்டாமல், உறக்கத்தையும் உணவையும் குளிசை விழுங்கிய நேரத்தையும் இரண்டு வாரங்கள் கொப்பியில் குறித்துவரச் சொன்னார். நள்ளிரவு தாண்டி உறங்கி, 5 மணித்தியாலம்கூட நிறையாமல் எழுந்து, காலை 6 மணிக்கே முதற் குளிசையை விழுங்கிவந்தது அப்போதுதான் தெரிந்தது. உடனே கரையும் வகை ஏறத்தாழ 4 மணித்தியாலமே வேலை செய்யும் என்பதால், 10 மணிக்கு அது ஓய்ந்தது இயல்பே. வைத்தியர் முதல் வேளையை 8 மணிக்கும் அடுத்ததை நண்பகலுக்கும் மாற்றினார். நான் பத்தரைக்குப் படுக்கிறேன். அளவு பழையதுதான், மூன்றாம் வாரத்திலிருந்து மதியம்வரை கவனம் நிலைக்கிறது.