பதக்கத்தோடு ஒரு படம் எடுத்தால் கணக்குத் தீராது

மாரத்தான் ஓடி முடித்ததும் பதக்கத்தைக் கழற்றி மனைவியின் கழுத்தில் போட்டு ஒரு படம். கீழே, "இவள் இல்லாமல் நான் இல்லை" என்று ஒரு வரி. காரைக்குடியில் என்னோடு ஓடுகிறவர்களில் இதைச் செய்யாதவர் குறைவு. நானும் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார்: "நாலு மாசத்துக்கும் சேர்த்து இதுதானா?"

நன்றியைப் பந்தய நாளுக்கென்று எடுத்துவைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. 42.195 கிலோமீட்டர் ஒரு காலையில் முடிந்துவிடும். அதற்கான பயிற்சி பெரும்பாலும் 16 வாரம், சிலருக்கு 20. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குச் சராசரியாக 3 மணி நேரம் என்றாலே 16 வாரத்துக்கு 48 மணி நேரம் ஆகிறது. பிள்ளையார்பட்டி வரை ஓடித் திரும்பிவிட்டு மத்தியானம் வரை தூங்குகிறோமே, அது தனி. அந்த நேரத்தில் பிள்ளைகள், சந்தை, வந்துபோகிற சொந்தக்காரர்கள் எல்லாம் யார் தலையில்? உற்சாகம் கொடுத்தார் என்று மேடையில் சொல்கிறோம். அவர் கொடுத்தது தன்னுடைய ஞாயிற்றுக்கிழமைகளை. அதைத் திருப்பித் தர வேண்டுமானால் புதன்கிழமையிலோ வியாழக்கிழமையிலோ ஒரு முழுச் சாயங்காலம் அவர் கையில் இருக்க வேண்டும், வீட்டைப் பற்றிய கேள்வியே இல்லாமல்.

அடுத்தது சமையலறை. விடிகாலை மூன்றரைக்கு நாம் கிளம்ப, அவரும் எழுந்து நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கரைத்துக் கொடுப்பதைப் பாசம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பாசம்தான், சரி. ஆனால் முந்தின இரவே பழைய சோற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, வாழைப்பழத்தை எடுத்துவைக்க நமக்கு இரண்டு நிமிஷம் போதும். செம்மண் ஒட்டிய ஷூவோடு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடக்காமல் திண்ணையிலேயே கழற்றுவதும் நன்றியில் சேர்த்திதான். எங்கள் வீட்டில் பதக்கத்தைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

பந்தயத்துக்கு அழைத்துப்போய் இருட்டில் நிறுத்திவிட்டு, "முடிக்கிற இடத்தில் நில்" என்று ஓடிவிடுவது இன்னொன்று. நாலரை மணி நேரத்துக்கு மேல் அவர் என்ன செய்வார்? ஒரு தாளில் நேரம் எழுதிக் கொடுங்கள். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷம், காலை 4 மணிக்குத் தொடக்கம் என்றால், 10 கிலோமீட்டரில் 5.05, பாதித் தூரத்தில் 6.17, 30-இல் 7.15, முடிக்கும்போது 8.34. இடையில் அவர் காபி குடிக்கலாம், உட்காரலாம். பின்னால் தாமதமாகிற கால் மணி நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருக்கு அடிவயிறு கலங்கும்.

பந்தயத்துக்கு முந்தின கடைசி இரண்டு மூன்று வாரம் பயிற்சித் தூரத்தைக் குறைப்போம். கால் சும்மா இருக்கும், வாய் சும்மா இருக்காது. முழங்கால் வலிக்கிற மாதிரி இருக்கிறது, சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று ஆயிரம் புலம்பல், எரிச்சல். மிச்சமாகும் நேரத்தை அவருக்குக் கொடுக்க வேண்டிய வாரங்கள் அவை. அதை விட்டுவிட்டு, போன தடவை நான் மழை வருமா வருமா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரிசு என்று அவருக்கும் ஓடுகிற ஷூ வாங்கித் தராதீர்கள். அவர் கேட்டிருந்தால் வேறு விஷயம்.

பழனிக்குக் காவடியோடு நடந்துபோகும் நகரத்தாரைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. நடக்கிறவர்களுக்கு வழியில் சோறு போடுகிறவர்களுக்கும் புண்ணியத்தில் பங்கு உண்டு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓட்டம் என்று வந்ததும் அந்தப் பங்கு எப்படியோ மறந்துபோகிறது. ஓடுவது மனைவி, வீட்டைப் பார்த்துக்கொள்வது கணவன் என்றாலும் இதே கதைதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கால் வலி ஆறுவதற்குள் அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டிவிட்டு வந்து சொல்வது. காட்டிய நன்றி அத்தனையும் அந்த ஒரு வரியில் கரைந்துவிடும். இந்தத் தடவை நான் முதலில் கேட்டேன். "தைப்பூசம் போகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார். முன்பதிவு அதற்குள் முடிந்துவிடும். முடியட்டும்.