பழைய ஐரோப்பிய வாளை இனங்காணும் முறை

திருநெல்வேலிச் சீமையில் பழைய பாளையக்காரர் வழிவந்த வீடுகள் சிலவற்றில், ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு வைக்கும் வாள்களுள் ஒன்றைக் காட்டி, "இது வெள்ளைக்காரன் வாள்" என்பார்கள். அப்படிப்பட்ட வாளை மதிப்பிட முனைபவர் பிடியை ஒதுக்கி, முதலில் அலகைப் பார்க்க வேண்டும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பிய அலகுகளுக்கு இந்தியக் கொல்லர்கள் இந்நாட்டுப் பிடியைப் பொருத்தினர். மராட்டியர் அவ்வாளைப் 'பிரங்கி' என்றனர். அதற்கும் முற்பட்ட 14, 15ஆம் நூற்றாண்டு வாள் நம் ஊர்ப் பரணில் கிடைப்பது மிக அரிது. வியாபாரிகள் அக்காலத்தவை என்று காட்டுவனவற்றுள் 19ஆம் நூற்றாண்டுப் பிரதிகளும் உண்டு.

உடல் முழுவதும் மூடும் தகட்டுக் கவசம் 14ஆம் நூற்றாண்டில் பரவியதால், வெட்டுவதற்கான அகன்ற தட்டை அலகோடு, கவசத்தின் இடுக்கில் குத்துவதற்கென நடுவில் முகடு எழுந்து கூர்முனை நோக்கிக் குறுகும் விறைப்பான அலகும் வழக்கத்துக்கு வந்தது. ஓக்‌ஷாட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் வகுத்த வரிசையில் இது 15ஆம் வகை. ஒருகை வாளின் எடை பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோவுக்குள் அடங்கும். இரண்டரை கிலோ இருந்தால் ஐயப்பட வேண்டும். பிடிக்குள் செல்லும் இரும்பு நாக்கின் நுனி, பிடியின் கடைசியில் உள்ள குமிழின் மேல் அடித்துத் தட்டையாக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கே திருகாணி இருந்தால் அந்த வாள் பெரும்பாலும் பிற்காலப் பிரதியே.

கயத்தாறு பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்த வாளில், உருப்பெருக்கியின் கீழ் நாலைந்து உளிக்கீறல்களும், அவற்றில் ஒன்றில் மட்டும் ஒட்டியிருந்த பித்தளையும் தெரிந்தன. அது ஜெர்மனியின் பாசாவ் நகரக் கொல்லர்களின் 'ஓடும் ஓநாய்' முத்திரையின் மிச்சமாக இருக்கலாம். ஆனால் அந்நாட்டின் மற்றொரு நகரமான சோலிங்கன் கொல்லர்களும் அதையே பொறித்ததால், முத்திரையை மட்டும் வைத்து ஊரையோ காலத்தையோ முடிவு செய்யக் கூடாது. துருக்குழி முத்திரையின் கீறலையும் அரித்திருந்தால் நல்ல அறிகுறி. குழிகளுக்கு மேலே கீறல் புதிதாக வெட்டப்பட்டிருந்தால் முத்திரை பின்னால் சேர்ந்தது. அமிலம் ஊற்றி வரவழைத்த குழிகள் எங்கும் ஒரே சீராக இருக்கும்.

அந்த வீட்டார் பூசைக்காக ஆண்டுதோறும் புளியும் சாம்பலும் இட்டு அலகைத் துலக்கிவந்ததை எண்ணி இன்றும் வருந்துகிறேன், ஏனெனில் கரும்பழுப்பு மேற்படலம் போனால் அதோடு சான்றும் போய்விடுகிறது. உலர்ந்த துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்டால் போதும். தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் தோலுறைக்குள் செருகி வைக்கவே கூடாது.

நூறாண்டு கடந்த வாள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆவதால், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணுக்குள் கிடைத்ததை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கும் முன், யாரிடமிருந்து வந்தது என்பதை எழுத்தில் பெற்று, நீளம், அகலம், எடை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.