புல்தரைக்கு எஸ்டிபி தண்ணீர் விடுகிறீர்களா? தினமும் தெளிக்காதீர்கள்

பெரம்பூர் பக்கம் எங்கள் அபார்ட்மெண்டில் புல்தரைக்கு எஸ்டிபி தண்ணீர்தான், அதாவது கழிவுநீரைச் சுத்திகரித்து வரும் தண்ணீர். முதல் கோடையில் தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தோம், மே மாதம் பார்த்தால் புல் நுனியெல்லாம் கருகி, மண்மேல் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் தெளித்தோம், அது வேறு!

சுத்திகரித்தாலும் தண்ணீரில் கரைந்த உப்பு போகாது. மணலி தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் தண்ணீரைக் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ வரைக்கும் கொண்டுபோவது அதனால்தான், நம் பில்டிங் பிளாண்டில் அந்த வசதியெல்லாம் ஏது? மேலாக நனைத்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வேர்ப்பக்கம் தங்கிவிடும். அதனால் வாரம் இரண்டு மூன்று தடவை, அரை அடி ஆழம் இறங்குகிற மாதிரி நிறையவே விடுங்கள். அரை மணி கழித்து நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள், தடையில்லாமல் போனால் சரி.

கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 2000-ஐத் தாண்டினால் நல்ல தண்ணீர் கலந்தே விடுங்கள். களிமண் இறுகித் தண்ணீர் தேங்கினால் அது சோடியத்தின் வேலை, ஜிப்சம் தூவி நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். அப்புறம் யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம், இந்தத் தண்ணீரிலேயே தழைச்சத்து இருக்கிறது. புதிதாகப் புல் போடுபவர்கள் பெர்முடா, அதாவது நம் அருகம்புல் வகை, போடுங்கள். உப்பை நன்றாகத் தாங்கும்.

நேரம் விடியற்காலைதான். பிள்ளைகள் இறங்குவதற்குள் புல் காய்ந்திருக்க வேண்டும்.