பிரீஎக்ளாம்ப்சியா வந்த பெண்கள் பிற்காலத்தில் இதயத்தைக் காப்பது எப்படி?

கருவுற்று 20 வாரங்களுக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, அதனுடன் சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவதோ சேர்ந்தால் அது பிரீஎக்ளாம்ப்சியா எனப்படும். பிரசவத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதாக வீட்டார் நினைப்பது வழக்கம். ஆனால் இந்நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

வீடு திரும்பும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயரும் குழந்தை பிறந்த வாரமும் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். 37 வாரங்களுக்கு முன்பே பிரசவம் நேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் பத்து நாட்களுக்குள் இரத்த அழுத்தத்தை மீண்டும் அளக்க வேண்டும். முதல் ஆறு வாரங்களில் கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், பிள்ளை பெற்ற உடம்புக்கு இதெல்லாம் சகஜம் என்று யார் சொன்னாலும் கேட்காமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வீட்டில் அளப்பதானால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்துப் பேசாமல் அளக்க வேண்டும். அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எடுத்த அளவை நம்ப வேண்டாம்.

அதன்பின் ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தத்தையும், மருத்துவர் கூறும் இடைவெளியில் சர்க்கரை, கொலஸ்ட்ரால் அளவுகளையும் பரிசோதியுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைக் குறைப்பது நல்லது. மீண்டும் கருவுற்றால், 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது.